நங்கூரப் பலகையும் கப்பல் பலகையும்

மே 3

பம்ப் ஹவுஸ் மகாராஜாவுக்கு,

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பீர்கள். பகலில் கூப்பிட்டால் மோட்டார் சத்தத்தில் "என்ன? என்ன?" என்று கேட்பீர்கள், நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். சாயங்காலம் கூப்பிட்டால் இரண்டாவது நிமிஷம் சண்டை வந்துவிடும். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நான் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. நாங்கள் தங்கப் போகிற லாட்ஜ் விலாசங்களைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பதில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

கார் நன்றாக ஓடுகிறது. கூரைமேல் இருக்கிற டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்ற மறந்துவிட்டேன். அதுவும் நல்லதற்குத்தான். பின்னால் வருகிற லாரிக்காரர்கள்கூட யாரோ கற்றுக்குட்டி ஓட்டுகிறாள் என்று பயந்து தள்ளியே வருகிறார்கள். பதினோரு வருஷமாக அடுத்தவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு இந்த மரியாதை! பக்கத்து இருக்கையில் இருக்கிற வாத்தியார் பிரேக்கில் பெரியவள் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் ஒரு நாய் தெரிந்தால் போதும், எனக்கு முன்னால் அவள் பிரேக் போடுகிறாள். என் மூக்கு இரண்டு முறை ஸ்டீயரிங்கில் இடித்துவிட்டது. சின்னவள் சுண்டு பின்னால் கால் நீட்டித் தூங்கிக்கொண்டு வருகிறாள்.

முதல் இடம் பார்த்தாயிற்று. உங்கள் கேப்டன் புயலுக்கு ஒதுங்கிய குகை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் தென்முனையைச் சுற்றி வழி கண்டுபிடிக்கப் போய்த் திரும்பாமலே போன உங்கள் கேப்டனைப் பற்றி நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாத நாள் உண்டா? இந்தப் பயணமே உங்கள் ஆசைதான். நான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறவள். ஆனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று தள்ளியது நீங்கள். வழியெல்லாம் பழுப்புப் பலகை நட்டு, கப்பல் படம் போட்டு அம்புக்குறி காட்டியிருக்கிறார்கள். என்னாலேயே வழி தவற முடியாத அளவுக்கு வசதி. குகைக்குள்ளே உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டோம். சுண்டு உங்கள் கேப்டனுக்கு ஒரு பழம் வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கிளம்பின அன்று கேட்டைத் திறந்துவிட்டீர்கள், கைகூட அசைக்கவில்லை. "ஊருக்குத் தண்ணி யார் விடுவா?" என்று கேட்டீர்கள். பெரியவளுக்குக் கை உடைந்தபோதும் இதையேதான் கேட்டீர்கள். கட்டு அவிழ்க்கிற அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். நீங்கள் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

கடைசி இடம் தென்முனை. அங்கே துறைமுகத்து ஊரில் என் அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள், கூட வந்து சேர்ந்துகொள் என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள். பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடமும் பார்த்து வைத்திருக்கிறாள். பள்ளி திறப்பதற்குள் நீங்கள் அங்கே வந்துவிட்டால் நாலு பேருமாக வீடு திரும்புவோம். வராவிட்டால் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்துவிடுகிறோம். கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக, டீ குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு டிரைவர்


மே 7

டிரைவிங் வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் மிக முக்கியமான விஷயம். கப்பல் படம் போட்ட பலகையா? நன்றாகப் பார்த்தாயா? என் கேப்டனுடைய பலகையில் நங்கூரம் இருக்கும். நங்கூரம்! கப்பல் போட்டது மற்றவனுடையது.

உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? ஒரே வருஷத்தில், ஒரே துறைமுகத்திலிருந்து இரண்டு கேப்டன்கள் கிளம்பினார்கள். ஒருவர் என் கேப்டன். புயல், பசி, பாறை எதற்கும் அசையாமல், கப்பலை விட்டு இறங்காமல், கடைசிவரை போனவர். இன்னொருவன் தென்முனையைக் கண்ணால் பார்த்த பிறகு கப்பலைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்த பயந்தாங்கொள்ளி. நீ என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவனுடைய குகையில் உட்கார வைத்திருக்கிறாய். பழம் வேறு படைத்திருக்கிறீர்கள். இதைப் படித்தபோது நான் பம்ப் ஹவுஸில் இருந்தேன். அங்கே எனக்கு உதவிக்கு இருக்கிற புதுப்பொண்ணு "என்ன சார், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது. அந்த அளவுக்கு என் முகம் போயிருக்கிறது.

உடனே காரைத் திருப்பு. பெரிய பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் பிரிகிற சாலையில் போனால் நங்கூரப் பலகை வரும்.

கெடு வைத்திருக்கிறாய். மேலதிகாரிகூட எனக்குக் கெடு வைத்ததில்லை. பார்க்கலாம். வெயில் காலம், தொட்டியில் தண்ணீர் தங்குவதே இல்லை. இந்த நேரத்தில் நான் நகர்ந்தால் கீழ்த்தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. உனக்கு இது ஒரு சாக்காகத் தெரிகிறது.

வீட்டில் எல்லாம் சௌகரியம். டீக்கடையில் ரொட்டியும் முட்டையும் கிடைக்கிறது. பெரியவளைப் பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல், டயர் தேயும்.

இப்படிக்கு,
உன் கணவன்


மே 11

அன்புள்ள உங்களுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஆமாம், கப்பல்தான். பெரியவள் உங்கள் கடிதத்தை லாட்ஜ் வராந்தாவில் நின்று உரக்கப் படித்தாள், பக்கத்து அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் நாங்கள் கப்பல் பலகையைப் பிடித்துக்கொண்டு மூன்று இடம் பார்த்துவிட்டோம். பெரிய பாலம் எப்போதோ போய்விட்டது. உங்கள் எதிரியோடு நாங்கள் குடும்பமாக ஒட்டிக்கொண்டோம், மன்னித்துவிடுங்கள்.

ஆனால் கொஞ்சம் கேளுங்கள். குறுக்கே பேச முடியாது, அதனால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நேற்று அவர் திரும்பிய குன்றுக்குப் போனோம். மேலே ஏறினால் தென்முனை நீலமாக, கை நீட்டினால் தொடலாம் போலத் தெரிகிறது. அவர் அங்கேதான் கரையிறங்கி, ஏறி நின்று பார்த்தாராம். கப்பலில் பாதிப் பேருக்கு ஈறு வீங்கி ரத்தம். பீப்பாயில் இருந்த தண்ணீர் திரும்பிப் போவதற்கு மட்டும்தான் போதும். அவர் ஒரு நாள் முழுக்க மேலே உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி வந்து, "வீட்டுக்குப் போகலாம்" என்றாராம். ஊருக்கு வந்ததும் எல்லாரும் காறித் துப்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் ஒரு படகுகூடக் கொடுக்கவில்லை. மிச்ச வாழ்நாளைக் கயிற்றுக் கடையில் கழித்தார்.

அடிவாரத்தில் ஒரு சின்ன மியூசியம். அங்கே டிக்கெட் கிழிக்கிற அம்மா சுண்டுவிடம், "நான் அந்தக் கப்பல் சமையல்காரரோட வம்சம் பாப்பா" என்றார். டீக்கடைக்காரர் பாய்மரம் தைத்தவருடைய வம்சமாம். அந்தக் கப்பலில் திரும்பிப் போனவர்கள் ஊரார் ஏச்சுத் தாங்காமல் பிறகு இங்கே வந்து குடியேறினார்களாம், இன்று இங்கே பாதிப் பேர் அவர்களுடைய பேரன்களின் பேரன்கள். அந்த அம்மா ரொம்ப சாதாரணமாகச் சொன்னார், "அவரு திரும்பலேன்னா இந்தத் தெருவே இல்லை."

காரில் வரும்போது பெரியவள் கேட்டாள். "அம்மா, அப்பா எந்தக் கேப்டன்?" நான் கியர் மாற்றுகிறமாதிரி பேசாமல் இருந்துவிட்டேன். அவளுக்குப் பதிமூன்று வயது, நான் பதில் சொல்லாததையும் பதிலாக எடுத்துக்கொள்கிற வயது. நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

கீழ்த்தெருவைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அந்தப் புதுப்பொண்ணு வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகூடப் பள்ளிக்கூடம் போகிறது. நீங்கள் இன்னும் அவளைப் "புதுப்பொண்ணு" என்கிறீர்கள், இன்னும் அவளை மெயின் வால்வைத் தொடவிடவில்லை. அதை நினைத்துப் பார்த்தீர்களா?

உங்கள் "பார்க்கலாம்" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனவள்.

இப்படிக்கு,
நான்தான்


மே 15

வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பேச வீட்டில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

நீ எழுதியது நியாயமில்லை. உன் அக்கா கல்யாணத்துக்கு நான் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். அப்போது என்னோடு வேலை செய்த ஆள் வால்வை ஒரே மூச்சில் முழுக்கத் திறந்துவிட்டான். கீழ்த்தெருவில் மெயின் பைப் வெடித்தது. நான் திரும்பி வந்தபோது தையற்காரர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவருடைய மெஷின், துணி, தைத்து வைத்திருந்த கல்யாணச் சட்டை எல்லாம் மிதந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அந்த வால்வைக் கால் சுற்று திறந்து, நின்று, பைப்பில் காது வைத்துக் கேட்டு, அப்புறம் அடுத்த கால் சுற்று திறக்கவேண்டும். அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? புதுப்பொண்ணுக்கு இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இல்லை என்றால் யார் வீடு மூழ்கும்?

நான் சுகமாக உட்கார்ந்துகொண்டு உங்களை அனுப்பிவிட்டேன் என்று நினைக்கிறாயா? நீங்கள் கிளம்பின அன்று நான் ஏன் கை அசைக்கவில்லை தெரியுமா? கை அசைத்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. தெருவில் டீக்கடைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நம் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நீ ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அது காதிலேயே விழுந்ததில்லை. இப்போது வீட்டில் சத்தமே இல்லாததால் அது சொட்டுவது மட்டும்தான் கேட்கிறது. நேற்று வாஷர் மாற்றினேன். மாற்றியபிறகு வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை. ஏன்தான் மாற்றினோமோ என்று ஆகிவிட்டது.

பெரியவளுக்கு என்ன எழுதுவது? எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவளுக்குக் கை உடைந்த அன்று நான் பம்ப்பை நிறுத்திவிட்டு வாசல்வரை வந்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, திரும்பிப் போய்விட்டேன். அதை எந்தக் கேப்டன் கணக்கில் எழுதுவாள்?

நான் வர முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். அதையும் எழுத முடியவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான்.

சுண்டுவுக்குக் காதில் எண்ணெய் விடாதே, டாக்டர் சொன்ன சொட்டு மருந்து உன் கைப்பையின் பக்கவாட்டு அறையில் வைத்திருக்கிறேன்.

உன் கணவன்


மே 20

அன்புள்ள உங்களுக்கு,

இன்று நங்கூரத்தைப் பார்த்தோம்.

நீங்கள் சொன்னதற்காக இல்லை, நானாகத்தான் போனேன். உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் காலையில் காரை வந்த வழியே திருப்பினேன். பெரியவள் "எங்கம்மா போறோம்?" என்றாள். "உங்கப்பாவோட ஆளைப் பார்க்க" என்றேன். பெரிய பாலம்வரை திரும்பி வந்து, நீங்கள் எழுதியிருந்த சாலையில் பிரிந்தோம். அது சாலையே இல்லை. பள்ளத்துக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் தார். மாணவர்களைக் கூட்டிவந்தால் கிளட்ச் சொல்லிக்கொடுக்க நல்ல இடம்.

அங்கே ஒரு கல் மட்டும்தான் இருக்கிறது. மியூசியம் இல்லை, கடை இல்லை. கடலுக்கு மேலே பாறை, கம்பி வேலி, காற்று. காற்றென்றால் அப்படி ஒரு காற்று, சுண்டுவை இடுப்பில் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டியிருந்தது. கல்லில் உங்கள் கேப்டன் பேரும் அவரோடு போன எல்லார் பேரும் வெட்டியிருக்கிறார்கள். பெரியவள் ஒரு பேர் விடாமல் சத்தம் போட்டுப் படித்தாள். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் சொல்வீர்களே, அதே மிடுக்கில் ஆரம்பித்தாள். பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் சும்மா படித்தாள், பள்ளிக்கூடத்தில் வராதவர்கள் பேரைப் படிக்கிறமாதிரி.

சுண்டு கேட்டாள். "இவங்கள்ல யாரோட பாப்பாவும் இங்க டிக்கெட் கிழிக்கலையாம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் ஆள்மேல் கோபப்படத்தான் அவ்வளவு தூரம் போனேன் என்று நினைக்கிறேன். கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. தன்னை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார், அவ்வளவு பேரையும் கூட வைத்துக்கொண்டு. யாராவது ஒருத்தர் கையைப் பிடித்து, "போதும், வாங்க" என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ? சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லையோ, அல்லது எல்லாரும் சண்டைதான் போட்டார்களோ, தெரியவில்லை.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. நான் உங்களை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன், குத்திக்காட்டியிருக்கிறேன். இந்தக் கெடுகூட மிரட்டல்தான். ஒரு தரமாவது நேராகக் கேட்டதே இல்லை. கேட்டு இல்லையென்று வந்துவிட்டால் தாங்காது என்று பயம். அதனால் இப்போது கேட்கிறேன். நீங்கள் இல்லாமல் இந்தக் காரில் எனக்கு நன்றாக இல்லை. வழியில் எதைப் பார்த்தாலும் உங்களிடம் சொல்லத்தான் வாய் வருகிறது. போதும், வாங்க.

கெடுவை மாற்ற என்னால் முடியாது. அக்கா பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டாள், ஜூன் இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்காகக் காத்துக் காத்து இன்னொரு வருஷம் ஓட்ட எனக்குத் தெம்பில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சொட்டு மருந்து கிடைத்தது. நீங்கள் வைத்ததுதானா? நான் வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
கேட்டுக்கொள்ளும்
நான்


மே 24

அன்புள்ள உனக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பம்ப் ஹவுஸுக்குப் போனேன். புதுப்பொண்ணு வழக்கம்போலத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. நான் வால்வுச் சாவியை, அந்த நீளமான இரும்புச் சாவியை, எடுத்து நீட்டினேன். "இன்னிக்கு நீ திற" என்றேன். அது துடைப்பத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தது. "உடம்பு சரியில்லையா சார்?" என்றது. இந்தப் பெண்ணுக்கு எப்போதும் என் உடம்புமேல்தான் கண்.

நான் பக்கத்திலேயே நின்றேன். கால் சுற்று. நின்றது. பைப்பில் காது வைத்தது. அடுத்த கால் சுற்று. எல்லாம் நான் செய்கிறபடியே, நான் இருமுகிற இடத்தில் இருமாததைத் தவிர. எட்டு வருஷமாகக் கூட்டுகிற சாக்கில் என்னைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்கிறது. அடுத்த நாள் நான் உள்ளே போகவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த நாள் பம்ப் ஹவுஸுக்கே போகவில்லை. கீழ்த்தெருவுக்குப் போய்த் தையற்காரர் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டேன், சட்டைக்குப் பொத்தான் வைக்கிற சாக்கில்.

நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. தெருவில் குடம் வைத்தார்கள், பிடித்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தையற்காரர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, "என்ன, இன்னிக்கு லீவா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "நல்லதாப் போச்சு, வீட்ல பசங்களோட இருங்க" என்றார்.

உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், நான் அழுதேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதலில் அவமானமாக இருந்தது. நான் இல்லாவிட்டால் ஊர் நாறிப்போகும் என்று எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்! அப்புறம் பெரியவளுக்குக் கை உடைந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இந்தப் பெண் அங்கேதான் இருந்தது. சாவியை அதன் கையில் கொடுத்திருந்தால் போதும். அதை நினைத்துத்தான் அதிகமாக அழுதேன்.

இன்ஜினியரிடம் லீவு கேட்டேன். "தாராளமாப் போங்க, நீங்க கேட்க மாட்டீங்களான்னு தான் பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார். எல்லாரும் சேர்ந்து என் காதில் பூச் சுற்றியிருக்கிறார்கள், அல்லது நானே சுற்றிக்கொண்டேன்.

வருகிறேன் என்று இதில் எழுதப்போவதில்லை. அந்தச் சொல்லை உன்னிடம் சொல்லிச் சொல்லி அதற்கு மதிப்பே இல்லாமல் பண்ணிவிட்டேன். சொல்லிவிட்டு வராமல் போவதைவிட, சொல்லாமல் இருப்பது உனக்கும் நல்லது.

நீ கேட்டாய். அதை மடித்து வைத்திருக்கிறேன்.

உன்


மே 28

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உங்கள் கடிதம் எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது. மூன்று முறை படித்தேன். நீங்களே சொன்னமாதிரி, வருகிறேன் என்று எங்கேயும் இல்லை. நாலாவது முறை பெரியவள் படித்தாள். படித்துவிட்டு, "அப்பா நிஜமாவே அழுதாராம்மா?" என்று கேட்டாள். கடிதத்தை வாங்கித் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். கூப்பிட்டால் "பார்க்கலாம்" என்பீர்கள். இந்த வாரம் அந்தச் சொல்லை மட்டும் என்னால் கேட்க முடியாது.

தென்முனையை இன்னும் பார்க்கவில்லை. இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அக்கா தினமும் கூப்பிடுகிறாள். சுண்டு ஒரே பிடிவாதமாக, "நாலு பேரா போனாத்தான் நான் வருவேன்" என்று வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். திங்கட்கிழமைக்குச் சீருடை தைக்க அளவெடுக்க வந்தார்கள். பெரியவள் கை நீட்டி நின்றாள், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் தையற்காரரிடம் சனிக்கிழமை சாயங்காலம் வரை துணியை வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா என்னை முறைக்கிறாள்.

நான்


மே 31, சனி

அன்புள்ள உனக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கையில் கொண்டுவருகிறேன். நேரில் பார்த்ததும் எனக்கு வாய் வராது, நீயும் குறுக்கே பேசுவாய். அதனால் பஸ் மாறுகிற இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று முழுக்கப் பயணம். கண்டக்டர் காலையில் என்னை எழுப்பி, "தென்முனைக்கு இங்க இறங்கி மாறணும்" என்று ஒரு கூட்டுரோட்டில் இறக்கிவிட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே பழுப்புப் பலகை, அதில் கப்பல்! எந்த ஆளை நான் ஆயுசு முழுக்கத் திட்டினேனோ அவன் வாசலிலேயே என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வேறு வழியில்லாமல் குன்றில் ஏறினேன். நீ சொன்னது சரி. முனை நீலமாக, கிட்டத்தில் தெரிகிறது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் பெரியவளிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

இறங்கி வந்து மியூசியம் வாசலில் டீ குடிக்கும்போது போன் வந்தது. பம்ப் ஹவுஸிலிருந்து.

"சார், கீழ்த்தெரு மெயின் பைப் உடைஞ்சிடுச்சு."

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, பொய். என் கால் ஓடியது. நம்ம ஊர்ப் பக்கம் திரும்பிப் போகிற பஸ் எதிரே எஞ்சினை உறுமிக்கொண்டு நின்றிருந்தது. டீக்குக் காசு கொடுத்தேனா என்றுகூட ஞாபகமில்லை, ஒரு கால் அதன் படியில் இருந்தது. கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்கிறார். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"நீ என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"வால்வை மூடிட்டேன் சார். கீழ்த்தெருவுக்கு லாரித் தண்ணி சொல்லிட்டேன். ஃபிட்டர் தோண்டிக்கிட்டிருக்கார். பழைய பைப்புதானே, எப்பவாச்சும் உடையத்தான் செய்யும். யார் வீட்டுக்குள்ளயும் தண்ணி போகல. உங்ககிட்ட சொல்லலேன்னா வருத்தப்படுவீங்கன்னு தான் கூப்பிட்டேன்."

"நான் வரட்டுமா?"

அந்தப் பெண் கேலியாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது. "வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

அதன் பேரைச் சொல்லி, "நீ பாத்துக்கம்மா" என்றேன். எட்டு வருஷத்தில் அதன் பேரை என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. எதிர்முனையிலிருந்து "சரி சார்" என்று மட்டும் வந்தது. படியிலிருந்து காலை எடுத்தேன். கண்டக்டர் ஏதோ திட்டிவிட்டு விசில் கொடுத்தார். அந்த பஸ் நம்ம ஊர்ப் பக்கம் போவதைத் தூசி அடங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். கால் நின்ற இடத்திலேயே நின்றது.

டிக்கெட் கிழிக்கிற அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தென்முனைக்கா? அந்த பெஞ்சுல உக்காருங்க, பஸ் வந்தா நான் சொல்றேன்" என்றார். அவர் கொடுத்த பேனாவில்தான் எழுதுகிறேன்.

உன் கெடுவுக்குப் பயந்து வரவில்லை. நீ கேட்டதால் வருகிறேன். திங்கட்கிழமை பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்பதை நாலு பேரும் உட்கார்ந்து பேசலாம். நான் இருக்கிற இடத்துக்கே எல்லாரும் வரவேண்டும் என்று இனிமேல் வாயைத் திறக்கமாட்டேன். துறைமுகத்து ஊரிலும் பம்ப் ஹவுஸ் இருக்கும்தானே? இப்போதைக்கு அதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன்.

பஸ் வருகிறது என்று அந்த அம்மா கை காட்டுகிறார். சாயங்காலத்துக்குள் உன் அக்கா வீட்டு வாசலில் இருப்பேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியிலேயே நிற்கிறேன். நிதானமாகப் படி. படித்து முடித்துவிட்டு உள்ளே கூப்பிடு.